வர்றேனுங்க என்று போன கேள்விகள்

புது மொழியில் செய்முறைக் கேள்விகள் புத்தகத்தில் அச்சாகி வருவதில்லை. வீட்டுக்கு நேரில் வரும். முதல் கேள்வி ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அழைப்பு மணியை அடித்தது. எட்டுச் சாண் உயரம், அரைக்கைச் சட்டை, கக்கத்தில் ஒரு பை. செருப்பைக் கழற்றி, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்து, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தது. கலாமணி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அது அண்ணாந்து குடித்துவிட்டு, ஊரில் மழை உண்டா என்று விசாரித்தது.

என் பெயர் நாச்சிமுத்து. கோவை சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாகப் புரோகிராம் எழுதுகிறேன். நூற்பாலையில் நூல் சுற்றும் கதிர்களில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று சொல்லும் புரோகிராம். அதை எழுதிய பழைய கணினி மொழியில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றினார்கள். நின்றுபோன கதிரெல்லாம் ஓடுவதாகக் காட்ட ஆரம்பித்தது. அதனால் கம்பெனி புது மொழிக்குப் போய்விடுவதென்று முடிவு செய்தது. புது மொழியில் எதையும் மாற்ற முடியாது. வைத்தது வைத்தபடி இருக்கும். வேறு மாதிரி வேண்டுமென்றால் புதிதாக வேறொன்று செய்துகொள்ள வேண்டும். எங்கள் குழுத் தலைவி யாழினி சென்னைப் பெண், என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர். ஒன்பது கேள்விகள் தினம் ஒன்றாக வரும், பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி, வீட்டிலிருந்தே படிக்க இரண்டு வாரம் கொடுத்திருந்தார்.

கலாமணியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் தையல் மெஷின் போட்டு, அடுக்ககத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள். கூடத்தில் வேற்று ஆள் உட்கார்ந்திருந்தால் அளவு கொடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆனாலும் வந்தவர்களை வாசலில் நிறுத்தும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "ரெண்டாவது ஞாயித்துக்கெழமைக்குள்ள கூடம் எனக்கு வேணுங்க. இல்லீன்னா நான் கோபிக்கு எங்கக்கா வூட்டுக்குப் போயிருவேனுங்க."

எங்கள் பக்கம் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. எதிர்க்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் கலாமணி வருவதைச் சொல்லாமல் போவதை மட்டும் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்டிப்பாக அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் கேள்வி தொண்டையைச் செருமிக்கொண்டு தன்னைச் சொன்னது: "ஒரு தட்டில் நான்கு இட்லிகள் உள்ளன. தட்டில் உள்ள எதையும் மாற்றாமல் அவற்றை இரண்டு மடங்காக்குக." கேள்விகள் தங்களைச் சொல்லும்போது மட்டும் எழுத்துத் தமிழ் பேசும். மற்ற நேரத்தில் நம்மைப் போலத்தான்.

நான் இன்னும் நான்கு இட்லியை எடுத்துத் தட்டில் வைக்கப் போனேன். கேள்வி பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தது. தட்டு மாறிவிடுமாம். கலாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, புதிதாக எட்டு இட்லி ஊற்றி வேறொரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கேள்வி இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தது. எட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டோம். அந்த நான்கு மட்டும் இன்றைக்கும் மேஜையில் இருக்கின்றன. கெட்டுப்போகவும் இல்லை, கெட்டுப்போவதும் ஒரு மாற்றம்தானே.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கேள்வி எழுந்தது. மரியாதைக்கு லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். "போயிட்டு வாங்க" என்றேன். "வர்றேனுங்க" என்று அது கும்பிட்டது. ஒன்று ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஏழே முக்காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது கேள்வி எட்டுச் சாண் இருந்தது. முதல் கேள்வி ஒரு சாண் குறைந்து ஏழு சாணாக வந்திருந்தது. அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. கேட்க ஒன்றும் இல்லை. வருகிறேன் என்று சொன்னதால் வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேற்றைய இடத்திலேயே உட்கார்ந்தது. கலாமணி இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டையும் அளந்து, ரவிக்கை அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டாள். கையில் டேப் இருந்தால் அவளுக்கு அளக்காமல் இருக்க முடியாது.

இரண்டாவது கேள்வி, ஒரு முழப் பூவைத் திரும்பத் திரும்ப எதையும் செய்யாமல் தொடுக்கச் சொன்னது. நான் பூவையும் நாரையும் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கலாமணிதான் ஒரே ஒரு பூவைத் தொடுத்துவிட்டு, மீதியைத் தொடுத்துத் தரச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். அவர்களும் ஒரு பூவைத் தொடுத்துவிட்டு, மீதியைத் தொடுத்துத் தரச் சொல்லி அடுத்த வீட்டில் கொடுத்தார்கள். கூடை ஐந்தாவது மாடி வரைக்கும் போனது. தொடுக்கப் பூ இல்லாத வீட்டில் வெறும் நாரைக் கொடுத்து அனுப்ப, அது ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் தொடுத்த பூவைச் சேர்த்துக்கொண்டு இறங்கி வந்து, ஐந்து மணிக்கு எங்கள் வாசலில் ஒரு முழமாக நின்றது. இதைத்தான் புது மொழியில் தன்னையே கூப்பிட்டுக்கொள்வது என்கிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு நானே பதில் சொன்னேன். தேவைப்படும் வரை போடாத காபி ஒன்றை அது கேட்டது. அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடமாக 'பார்க்கலாங்க, பண்ணிரலாங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. காலி டம்ளரைக் கையில் கொடுத்து, காபி இருக்கிறது என்றேன். அது நாள் முழுக்கக் காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூடு தாங்காத மாதிரி முகத்தை வைத்திருந்தது.

நான்காவது கேள்விதான் என்னை அலைய வைத்தது. "கடைக்குச் சென்று கொத்தமல்லி வாங்கி வருக. கொத்தமல்லி வருவதைத் தவிர உலகில் வேறெதுவும் நிகழலாகாது." நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கலாமணி, அப்படியே ஒரு பாக்கெட் தயிரும் வாங்கிட்டு வந்துருங்க என்றாள். வாங்கி வந்தேன். செல்லாது என்றது கேள்வி. இரண்டாம் தடவை தயிர் வாங்கவில்லை. வழியில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதுவும் செல்லாது. மூன்றாம் தடவை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போய்விட்டு வந்தேன். கடைக்காரர் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பைக்குள் போட்டிருந்தார். கேள்வி அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டியது. நான்காம் தடவை கடைக்காரரிடம் கொசுறு வேண்டாம் என்று சொன்னேன். அவர் மனசு நொந்துபோனார். மனசு நோவதும் ஒரு நிகழ்வுதான் என்று கேள்வி சொல்லிவிட்டது. ஐந்தாம் தடவை கடை மூடியிருந்தது. திறந்திருந்த ஒரு சன்னல் வழியாகக் கைவிட்டு, யாருக்கும் தெரியாமல் சரியான சில்லறையை வைத்துவிட்டு, ஒரு கட்டு எடுத்து வந்தேன். திருட்டைப் போல இருந்தாலும் அதுதான் சுத்தமான பதில் என்று கேள்வி பாராட்டியது.

கலாமணிக்கு ஒரு சந்தேகம். 'அப்படியே இருக்கோணும்' என்றால் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். 'அப்படியே வாங்கிட்டு வாங்க' என்றால் போன காரியத்தோடு இன்னொன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒரே வார்த்தைக்கு இப்படி நேரெதிராக இரண்டு அர்த்தம் இருந்தால் புது மொழிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். புது மொழியில் முதல் அர்த்தம் மட்டும்தான் என்றது கேள்வி. அப்போது தயிருக்கு? தயிருக்கு இன்னொரு தடவை போக வேண்டும் என்றது. கலாமணி மோருக்குப் பதிலாக எல்லாருக்கும் ரசம் ஊற்றினாள்.

இப்படியே ஒன்பதாவது நாள் வரைக்கும் போயிற்று. தினம் ஒரு புதுக் கேள்வி வந்தது. பழைய கேள்விகளும் ஆளுக்கு ஒரு சாண் குறைந்து வந்தன. ஒவ்வொன்றையும் லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஒன்பதாவது கேள்வி சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தது. "தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் வேலை எப்போது நிற்கும்?" என்றது. எனக்கு அலுப்பாக இருந்தது. "அதுவா நிக்குங்க" என்றேன். அது நான் சொன்னதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டது. சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு முதல் கேள்வி பூச்சியம் சாணாக வந்தது. வந்ததற்கு அடையாளம் அதன் செருப்பு மட்டும்தான். இனி வராது என்று நான் கலாமணியிடம் சொன்னேன். பத்தாவது நாள் அது பூச்சியத்துக்குக் கீழே ஒரு சாணாக வந்தது.

பூச்சியத்துக்குக் கீழே போன கேள்வியைக் கண்ணால் பார்க்க முடியாது. அது உட்கார்ந்தால் சோபா ஒரு சாண் நீளும். அது காபி குடித்தால் டம்ளரில் காபி ஏறும். கலாமணி முதலில் பால் மிச்சமாகிறதே என்று பார்த்தாள். இரண்டு நாளில் இன்னும் இரண்டு கேள்விகள் கீழே போயின. அவை மிகவும் மரியாதையானவை. கொடுத்ததை மிச்சம் வைக்காமல் குடிக்கும். டம்ளர் நிரம்பி, சொம்பு நிரம்பி, குக்கரிலும் குடத்திலும் காபி நின்றது. சோபா அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டது. தையல் மெஷினை பால்கனிக்குத் தள்ள வேண்டியதாயிற்று. மாடி வீட்டுப் பெண் ஒருத்தி அளவு ரவிக்கையோடு வந்து பார்த்துவிட்டு, அப்புறம் வர்றேங்க்கா என்று படியிறங்கிப் போனாள். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் வேறு தையல்காரரிடம் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கலாமணி பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள்.

நான் யாழினிக்குப் போன் செய்தேன். பதில் சொன்ன கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றேன். அனுப்பும்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். போயிட்டு வாங்க என்று சொல்வதைச் சொன்னேன்.

"சார், வரச் சொன்னா வரத்தான் சார் செய்வாங்க. வெறும் 'போங்க'ன்னு சொல்லுங்க."

சென்னைக்காரர்கள் யாருக்கும் இந்தச் சிக்கல் வரவில்லையாம். அங்கே 'கெளம்புங்க, காத்து வரட்டும்' என்று சொல்லிவிடுகிறார்கள். மதுரைக்காரர் ஒருவர் எழுந்து நின்றாராம், அதற்கே போய்விட்டதாம். கோயம்புத்தூரில் மட்டும் பதினோரு பேர் வீட்டில் சோபா நீண்டுகொண்டிருக்கிறது என்று யாழினி வருத்தத்தோடு சொன்னார்.

சொல்வது சுலபம். வழியில் படுத்திருக்கும் நாயைக்கூட 'கொஞ்சம் தள்ளிக்குங்க சாமி' என்று கேட்டுக்கொண்டு போகிற ஊர் இது. நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பழகினேன். 'போ' வரைக்கும் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு வாய் தன்பாட்டுக்கு 'யிட்டு வாங்க' என்று முடித்துக்கொண்டது. பால்கனிக் கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அதனிடமும் அப்படியேதான் ஆயிற்று. மறுநாள் கம்பி அரைச் சாண் நீண்டிருந்ததை வைத்து, புறா சொன்ன சொல் தவறாமல் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தின் நடுவில் நின்றேன். சோபாவில் ஐந்து கேள்விகள் பூச்சியத்துக்குக் கீழே இருந்தன. ஒன்று சரியாகப் பூச்சியத்தில். மீதி மூன்றும் ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண் உயரத்தில், மூன்று பேரும் ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, "போங்க" என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்தேன். கேள்விகள் அசையவில்லை. புது மொழியில் ஒரு வார்த்தை தன் அளவுக்குப் பொருந்துகிறவரிடம்தான் போய்ச் சேரும். இரண்டு வாரமாகப் போயிட்டு வாங்க என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு வெறும் போங்க பொருந்தவில்லை. அது அவர்களைத் தாண்டிப் போய், அடுப்படியிலிருந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்த, போவதை மட்டும் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த கலாமணியிடம் சேர்ந்தது.

உங்களைச் சொல்லவில்லை, இவங்களைத்தான் சொன்னேன் என்றேன். நான் யாரையும் நீ என்று கூப்பிடுவதில்லை, அவளையும்தான். எல்லாருக்கும் நீங்க, எல்லாருக்கும் வாங்க. யாருக்குச் சொன்னது என்று அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கலாமணி டம்ளர்களைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்து, அதில் இஞ்ச் டேப்பையும் போட்டுக்கொண்டாள்.

"சொன்னது சொன்னதுதானுங்களே. மாத்த முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. போறேனுங்க."

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அவள் சொன்னதில் எங்கேயாவது ஒரு 'வர்றேன்' ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஆறு மணிக்குக் கேள்விகள் எழுந்தன. லிஃப்ட் வரைக்கும் போனேன். போயிட்டு வாங்க என்றுதான் வாயில் வந்தது. காலி வீட்டில் ஒரு குடம் காபியோடு உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காலை யாழினியிடம் லீவு சொல்லிவிட்டு, கேள்விகள் வந்தால் கதவைத் திறந்துவிடப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு, கோபிக்கு பஸ் ஏறினேன். புருஷனாகப் போனால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் முகம் இல்லை. கேள்வியாகப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கலாமணியின் அக்கா தெய்வானை கதவைத் திறந்தார். நான் செருப்பைக் கழற்றி, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கலாமணி உள்ளேயிருந்து வந்தாள். எத்தனையாவது என்று கேட்டாள். பத்தாவது என்றேன். ஒன்பதுதானே என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைச் சொன்னேன்.

"ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போய்விட்டார். நடந்த எதையும் மாற்றாமல் அவரைத் திரும்ப வரச் செய்க."

கலாமணி டேப்பை எடுத்து என்னை அளந்தாள். எட்டுச் சாண். கல்யாணமான பிறகு அவள் என்னை அளந்தது அதுதான் முதல் தடவை. யோசிக்கோணும் என்றாள். சாயங்காலம் நான் எழுந்து, என்ன சொல்லி அனுப்பப் போகிறாளோ என்று அவளைப் பார்த்துக்கொண்டே செருப்பைப் போட்டேன். அவள் வாசல் வரைக்கும் வந்தாள். "போயிட்டு வாங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. வர்றேனுங்க என்று கும்பிட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏழு சாணாகப் போனேன். புதன்கிழமை ஆறு. வேட்டி கட்டியிருந்ததால் ஒரு மடிப்புக் கூட மடித்துக்கொண்டால் போதுமாக இருந்தது. சட்டைக்குத்தான் கைகளைச் சுருட்டிவிட வேண்டியிருந்தது. கலாமணி தினமும் அளந்து எழுதிக்கொண்டாள். தினமும் யோசிக்கிறேன் என்றாள். நான் காபியை மட்டும் குடித்துவிட்டு, அவள் அக்காவின் தையல் மெஷினில் தைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை சோபாவிலிருந்து கால் தரைக்கு எட்டவில்லை. இப்படியே போனால் அடுத்த செவ்வாய்க்கிழமை பூச்சியம். அதற்குப் பிறகும் நான் வந்துகொண்டுதான் இருப்பேன், அவளுக்குத்தான் தெரியாது. அது எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வராமல் இருப்பதைவிட அது பரவாயில்லை என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு சாண். தெய்வானை கதவைத் திறந்தபோது முதலில் என் தலைக்கு மேலே பார்த்துவிட்டு, அப்புறம் கீழே பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி, நெய் விட்டு, தட்டில் போட்டு, எனக்கு எட்டும்படி ஸ்டூலில் வைத்தார்.

"அஞ்சு நாளா வெறுங்காபி குடிச்சுட்டுப் போறீங்க மாப்ள. இன்னைக்குச் சாப்டுட்டுப் போங்க."

நான் தட்டைப் பார்த்தேன். சாப்டுட்டுப் போங்க. அன்பாகத்தான் சொன்னார். எங்கள் பக்கம் ஒருவரைப் போ என்று சொல்ல இப்படி ஒரு மரியாதையான வழி இருக்கிறது என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை. அதில் சாப்பாடு இருந்தது, போவது இருந்தது, வருவது இல்லை. ஒரு வாய் அள்ளி வைத்தால் போதும். நான் போவேன், திரும்ப வரமாட்டேன். சோறு மணத்தது. எனக்கு நல்ல பசி. கையை மடியில் வைத்துக்கொண்டு கலாமணியைப் பார்த்தேன்.

அவளுக்கும் அது கேட்டிருந்தது. இட்லிக்கும் பூவுக்கும் பதில் சொன்னவள் அவள். என்னைவிடப் புது மொழி நன்றாகத் தெரியும். அவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள். எழுந்து வந்து, அக்கா வருத்தப்படுவாரே என்று பார்க்காமல், தட்டை என் முன்னாலிருந்து எடுத்து அப்பால் வைத்தாள். குனிந்து என் முகத்துக்கு நேராக அவள் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"இருங்க" என்றாள்.

அவ்வளவுதான். போவதும் இல்லை, வருவதும் இல்லை. தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் வேலை அதுவாக நிற்பதில்லை. யாராவது ஒருவர் இருக்கச் சொல்ல வேண்டும். தட்டை எடுத்துத் தரச் சொன்னேன். இருப்பவன் சாப்பிடலாம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தெய்வானைக்குத் திருப்தி.

மத்தியானம் கலாமணி பையைக் கட்டினாள். நான் மறுபடியும் எட்டுச் சாண் ஆவேனா என்று கேட்டேன். எதையும் மாற்றக்கூடாதில்லையா என்றாள். இருக்கிற சட்டைகளைப் பிரித்துத் தைக்கப் போவதில்லை, நான்கு சாணுக்குப் புதிதாகவே தைத்துத் தருகிறேன், துணியும் குறைவாகத்தான் ஆகும் என்றாள். யாழினியிடம் நாற்காலியில் போட ஒரு தலையணை கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் முடிவு செய்தேன்.

கோவை பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டில் இருக்கும் ஒன்பது பேரையும் என்ன செய்வது என்று கேட்டேன். சாப்பாடு போட்டு, சாப்டுட்டுப் போங்க என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றாள். ஒன்பது பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டியிருக்கும் என்றேன். எல்லாரும் இப்போது பூச்சியத்துக்குக் கீழேதானே, அரிசியே வேண்டாம், காலி அண்டாவை வைத்தால் போதும், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்போது நிரம்பிவிடும், ஐந்து மாடிக்கும் கொடுக்கலாம் என்றாள். அண்டாவை யாரிடம் இரவல் வாங்குவது என்று பேசிக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் வந்தார். கலாமணி ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்டாள்.

"சின்னவருக்கு வயசு என்னங்க?"

"நாப்பத்தொம்பதுங்க."

அவர் இரண்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டக்கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.